அதிகம் மேற்கோள் காட்டப்பட்டவர் அதிகத் தகுதி உடையவரா?

உயிர்வேதியியல் பயிலும் மாணவர்கள் செய்முறை வகுப்பில் ஒரு நாளாவது அந்த நீல நிறத்தைக் கண்டிருப்பார்கள். புரதக் கரைசலுடன் காரம் கலந்த தாமிரக் கரைசலைச் சேர்த்து, சிறிது நேரம் காத்திருந்து, ஃபோலின் வினைப்பொருளை ஊற்றினால் சோதனைக் குழாயில் நீலம் படரும். நீலம் எவ்வளவு அடர்கிறதோ அவ்வளவு புரதம் இருக்கிறது என்று பொருள். 'லௌரி முறை' என்று தலைப்பிட்டு நாம் அதைச் செய்முறை ஏட்டில் எழுதி வைக்கிறோம்.

இம்முறையை விளக்கிய கட்டுரை 1951இல் 'ஜர்னல் ஆஃப் பயாலஜிக்கல் கெமிஸ்ட்ரி' என்ற அமெரிக்க ஆய்விதழில் வெளிவந்தது. ஆலிவர் லௌரி, நைரா ரோஸ்பரோ, லூயிஸ் ஃபார், ரோஸ் ராண்டல் ஆகிய நால்வர் அதன் ஆசிரியர்கள். 2014இல் 'நேச்சர்' இதழ் உலகில் மிகுதியாக மேற்கோள் காட்டப்பட்ட நூறு ஆய்வுக் கட்டுரைகளைப் பட்டியலிட்டபோது, 3,05,000க்கும் மேற்பட்ட மேற்கோள்களுடன் இக்கட்டுரையே முதலிடம் பெற்றது. அந்தப் பட்டியலில் இடம்பெறக் குறைந்தது 12,119 மேற்கோள்கள் தேவைப்பட்டன. டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் அமைப்பை 1953இல் அறிவித்த வாட்சன், கிரிக் ஆகியோரின் கட்டுரை அந்த எல்லையைத் தொடவில்லை.

அப்படியானால் டி.என்.ஏ.வின் அமைப்பைக் கண்டறிந்ததைவிடப் புரதத்தை அளந்ததுதான் பெரிய கண்டுபிடிப்பா? எவரும் அவ்வாறு கூறமாட்டார்கள். ஆனால் பணி நியமனமும் பதவி உயர்வும் ஆய்வு நிதியும் முடிவு செய்யப்படும் அறைகளில், இதே எண்ணிக்கை 'தகுதி' என்ற பெயரில் மேசைக்கு வருகிறது. ஆகவே இந்த எண் உண்மையில் எதை அளக்கிறது என்பதை நாம் புரிந்துகொள்ள வேண்டும்.

எண் எவ்வாறு பெருகியது?

ஒரு நொதியின் செயல்திறனைக் குறிப்பிட வேண்டுமானால், ஒரு மில்லிகிராம் புரதத்திற்கு இவ்வளவு என்றுதான் எழுத வேண்டும். எனவே கல்லீரலை ஆய்ந்தாலும் மூளையை ஆய்ந்தாலும் பாக்டீரியாவை ஆய்ந்தாலும் முதலில் புரதத்தை அளந்தாக வேண்டும். முந்தைய பையூரெட் முறையைவிடப் பல மடங்கு நுண்ணிய அளவுகளையும் லௌரி முறையால் அறிய முடிந்தது. விலையுயர்ந்த கருவியும் தேவைப்படவில்லை. ஆய்வகங்கள் அதை ஏற்றுக்கொண்டன. ஏற்றுக்கொண்ட ஒவ்வொன்றும் தன் கட்டுரையில் அதைக் குறிப்பிட்டது.

இக்கட்டுரை பிறந்த கதையும் கவனிக்கத்தக்கது. லௌரியின் கைவசம் இருந்த இம்முறையை அச்சேறுவதற்கு முன்பே மற்றவர்கள் கேட்டு வாங்கிப் பயன்படுத்தி வந்தனர். பின்னாளில் 1971இல் நோபல் பரிசு பெற்ற ஏர்ல் சதர்லண்ட், தம் கட்டுரைகளில் மேற்கோள் காட்டுவதற்கு ஒன்று வேண்டும் என்று வலியுறுத்தியதால்தான் லௌரி இதை எழுதி வெளியிட்டார். இந்த மாபெரும் எண் ஒரு கருவி எத்தனை முறை கையாளப்பட்டது என்பதன் பதிவே.

லௌரியின் உண்மையான ஆய்வுப்புலம் மூளையின் வேதியியல். செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 1947இல் மருந்தியல் துறைத் தலைவராகப் பொறுப்பேற்ற அவர், மூளைத் திசுவை உறையவைத்து உலர்த்தி, நுண்ணோக்கியின் கீழ் தனித்தனி நரம்பணுக்களைக் கையால் பிரித்தெடுக்கும் முறையை வளர்த்தார். அவற்றை எடை போட, மெல்லிய குவார்ட்ஸ் இழையாலான தராசை உருவாக்கினார். ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு என்ற அளவிலான எடைகள் அவை. ரத்த ஓட்டம் நின்றபின் மூளையின் ஆற்றல் இருப்பு எவ்வளவு விரைவாகத் தீர்கிறது என்பதை ஜேனட் பாசனோ உள்ளிட்டோருடன் அவர் 1964இல் வெளியிட்ட கட்டுரை அளந்து காட்டியது. இந்த உழைப்பு நரம்பியலாளர்களிடையே மதிக்கப்பட்டாலும், மேற்கோள் எண்ணிக்கையில் நீல நிறக் கட்டுரையின் அருகில்கூட வரவில்லை. ஓர் ஆய்வாளர் எதில் சிறந்தவர் என்பதை அவருடைய மிகப்பெரிய எண் நமக்குச் சொல்லவில்லை.

குறியீடுகளின் பிறப்பும் பிழையும்

மேற்கோள்களைத் தொகுக்கும் எண்ணத்தை 1955இல் முன்வைத்தவர் யூஜின் கார்ஃபீல்டு. 1964இல் அவரது 'அறிவியல் மேற்கோள் அட்டவணை' வெளிவந்தது. ஒரு கருத்து எந்தெந்தக் கட்டுரைகளுக்குப் பயணித்தது என்று தேடுவதற்கான வழிகாட்டியாகவே அது தொடங்கியது. இதழ்களை ஒப்பிடும் 'தாக்கக் காரணி' அதிலிருந்து கிளைத்தது. ஓர் இதழ் முந்தைய இரண்டு ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டன என்பதே அக்காரணி. அது இதழின் சராசரி. அவ்விதழில் எழுதிய தனி மனிதரின் மதிப்பெண் அன்று.

தனி மனிதரை அளக்க 2005இல் இயற்பியலாளர் ஜார்ஜ் ஹிர்ஷ் எச்-குறியீட்டை முன்மொழிந்தார். ஒருவருடைய கட்டுரைகளில் பத்து, ஒவ்வொன்றும் பத்து முறையேனும் மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவரது குறியீடு பத்து. ஒருவர் வாழ்நாளில் 1951ஆம் ஆண்டுக் கட்டுரையை மட்டும் எழுதியிருந்தால், மூன்று லட்சம் மேற்கோள்களுக்குப் பிறகும் அவரது எச்-குறியீடு ஒன்றுதான். ஒரே கட்டுரையை ஓர் அளவுகோல் உலகின் உச்சியிலும் மற்றோர் அளவுகோல் தரையிலும் வைக்கிறது.

மேற்கோள் மிகுதி உண்மைக்கும் சான்றாகாது. அல்சைமர் நோயில் நினைவாற்றல் குறைவதற்கு ஒரு குறிப்பிட்ட புரதத் திரளே காரணம் என்று கூறிய கட்டுரை 2006இல் 'நேச்சர்' இதழில் வந்தது. ஈராயிரத்துக்கும் மேற்பட்ட முறை அது மேற்கோள் காட்டப்பட்டது. அதன் படங்கள் திருத்தப்பட்டிருந்ததால் 2024இல் அக்கட்டுரை திரும்பப் பெறப்பட்டது.

எண்ணுக்கு வெளியே நிற்பவர்கள்

மேற்கோள்கள் வானத்திலிருந்து விழுவதில்லை. யாருடைய ஆய்வகத்தில் சேர்ந்தோம், எந்த மாநாட்டுக்குச் செல்லப் பயணச் செலவு கிடைத்தது, எந்தப் பேராசிரியர் நம்மை மற்றவர்களுக்கு அறிமுகப்படுத்தினார் என்பவற்றின் வழியாகவே அவை வருகின்றன. கட்டுரையை அனைவரும் இலவசமாகப் படிக்கத் திறந்து வைக்க 'நேச்சர்' 2020இல் அறிவித்த கட்டணம் 9,500 யூரோ. 2023 முதல் இளநிலை ஆய்வாளருக்கான உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். இரண்டையும் ஒப்பிட்டால், ஒரு கட்டுரையின் கட்டணம் ஏறத்தாழ ஈராண்டு உதவித்தொகைக்குச் சமம்.

இந்தியாவில் இந்த வாய்ப்புகள் சாதியைக் கடந்து பகிரப்படுவதில்லை. தில்லி எய்ம்ஸ் மருத்துவக் கல்லூரி குறித்து 2007இல் அறிக்கை அளித்த சுகதேவ் தோரட் குழு, ஆசிரியர்களிடமிருந்து போதிய துணை கிடைப்பதில்லை என்று பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களில் பெரும்பாலோர் கூறியதைப் பதிவு செய்தது. ஆசிரியரின் துணை என்பது ஆறுதல் வார்த்தை மட்டுமன்று. ஆய்வுத் தலைப்பு, கருவி கிடைக்கும் நேரம், ஆசிரியர் வரிசையில் இடம், பரிந்துரைக் கடிதம் ஆகிய அனைத்தும் அதில் அடங்கும். அவை மறுக்கப்பட்டவரிடம் பத்தாண்டு கழித்து "உங்கள் எச்-குறியீடு எவ்வளவு?" என்று கேட்பது, பழைய மறுப்பை எண்ணாக மாற்றி இரண்டாம் முறை மறுப்பதாகும்.

இன்னொன்றும் உண்டு. உலகிலேயே அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை, கரைசல்களைக் கலந்து அளந்து மீண்டும் அளந்த கை உழைப்பின் விளைவு. சிந்தனையை மேலும் கை உழைப்பைக் கீழும் வைக்கும் சாதிய மனம் அதை 'வெறும் செய்முறை' என்று ஒதுக்கியிருக்கும். அந்த உழைப்பிலும் நால்வர் இருக்க, முறையின் பெயரில் ஒருவர் மட்டுமே மிஞ்சினார்.

நாம் கேட்க வேண்டியவை

பல்கலைக்கழக மானியக் குழு 2010இல் ஆசிரியர்களின் ஆய்வுப் பணியைப் புள்ளிகளாக மாற்றும் முறையைக் கொண்டுவந்தது. முனைவர் பட்ட ஆய்வேட்டை அளிக்கும் முன் கட்டுரை வெளியிட வேண்டும் என்ற கட்டாயத்தை அதே குழு 2022இல் கைவிட்டது. விதிகள் மனிதர் எழுதியவை, மாற்றக்கூடியவை. இதழின் தாக்கக் காரணியைக் கொண்டு ஆய்வாளரை மதிப்பிடக் கூடாது என்று 2012இல் சான் பிரான்சிஸ்கோவில் உருவான பிரகடனம் கோருகிறது.

ஆகவே தேர்வுக் குழுக்களிடம் மூன்று கேள்விகளை எழுத்துப்பூர்வமாக வைக்கலாம். விண்ணப்பதாரரின் கட்டுரைகளைக் குழுவினர் படித்தார்களா? ஒரே துறையில், ஒரே அளவு ஆண்டுகள் பணியாற்றியவர்களைத்தான் ஒப்பிட்டார்களா? நிதியும் ஆய்வக வசதியும் எவ்வளவு கிடைத்தன என்பதைக் கணக்கில் கொண்டார்களா?

ஆய்வு மாணவர்கள் இன்றே தொடங்கக்கூடிய வேலை ஒன்றும் இருக்கிறது. கட்டுரை எழுதத் தொடங்கும் முன்பே ஆசிரியர் வரிசையைப் பேசி, மின்னஞ்சலில் உறுதி செய்துகொள்ளுங்கள். எந்தச் சோதனையை யார் செய்தார் என்பதை நாளும் கையேட்டில் தேதியிட்டுக் குறித்து வையுங்கள். பின்னாளில் உங்கள் உழைப்புக்கு உரிமை கோர வேண்டி வந்தால், எச்-குறியீட்டைவிட அந்தக் கையேடு வலுவான சான்றாக நிற்கும்.