பெயர் மறைப்பும் கணனி மொழிகளும்

சொல்லுக்கும் பொருளுக்குமுள்ள பிணைப்பு இயற்கையானதன்று, வழக்கின்பாற்பட்டது என்பது மொழியியலாளர் பலர்க்கும் உடன்பாடு. கணனி மொழிகளிலும் நிலைமை இதுவே. மாறியொன்றின் பெயர் எவ்வெல்லைவரை எதனைச் சுட்டும் என்பதை மொழியின் விதிகளே தீர்மானிக்கின்றன. 1960 ஆம் ஆண்டின் அல்கோல் மொழியிலேயே, உட்பகுதியில் மீண்டும் அறிவிக்கப்படும் பெயர் வெளிப்பகுதியின் அதே பெயரை மறைத்தது. மறைந்தது அழிவதில்லை, உட்பகுதி முடிந்ததும் மீண்டும் தோன்றும்.

பலர் எழுதிய கூறுகளை இணைத்து நிரலொன்றை ஆக்கும்போதுதான் பிரச்சினை கூர்மையடைகின்றது. பிறரது உழைப்பை இறக்குமதி செய்யும்போது அவர்கள் இட்ட பெயர்களும் உடன்வருகின்றன. பைதன் மொழியில் 'சம்' என்பது கூட்டுத்தொகை காணும் உள்ளமைந்த சார்பு. 0 முதல் 4 வரையான எண்களையும், இரண்டாவதாக -1 என்பதையும் அதற்குக் கொடுத்தால், -1 இலிருந்து தொடங்கிக் கூட்டி 9 என விடை தரும். 'நம்பை' என்னும் கணிதத் தொகுதியின் பெயர்களை உடுக்குறியிட்டு மொத்தமாக இறக்குமதி செய்தபின், அதே வரி 10 என்கின்றது. புதிய 'சம்' பழையதை மறைத்துவிட்டது. அதற்கு -1 தொடக்க எண்ணன்று, எந்த அச்சின்வழி கூட்டுவது என்னும் குறிப்பு. எச்சரிக்கை எதுவுமில்லை.

பிழை காட்டி நின்றுவிடும் நிரலால் நேரமே வீணாகும். பிழையான விடையுடன் தொடர்ந்து ஓடுவதே ஆபத்தானது. நூல்களின் சொல்வழக்கைக் கணனிகொண்டு எண்ணி, அவ்வெண்ணிக்கைமீது இலக்கிய வரலாற்று முடிபுகளை எழுப்ப முனையும் எம்போன்றோர் இதனைக் கருத்திற்கொள்ளல் வேண்டும்.

ஏனைய மொழிகள் வேறு வழிகளைத் தேர்ந்துள்ளன. ஜாவாஸ்கிரிப்ற்றின் 2015 ஆம் ஆண்டு நியமத்தின்படி, இறக்குமதி செய்த பெயரைக் கூறின் மேல்மட்டத்தில் மீண்டும் அறிவித்தால் அக்கூறு இயங்கவே தொடங்காது. சார்பொன்றின் உள்ளே மறைத்தல் தடையன்று. ஹஸ்கல் மொழியில், வெவ்வேறு பொருள்களைச் சுட்டும் ஒரே பெயர் இரு கூறுகளிலிருந்து வரலாம். அதனை முன்னொட்டின்றிக் கையாளும்போதே மயக்கம் எனத் தள்ளப்படும்.

பைதனின் தளர்வைச் சுதந்திரமெனப் போற்றுவாருளர். யாருடைய சுதந்திரம்? எழுதுபவர் மிச்சப்படுத்தும் சில எழுத்துகளுக்கான விலையைப் பின்னர் வாசிப்பவரே செலுத்துகின்றார். உள்ளெல்லைக்குள் பெயரை மறைத்தல் தன்னளவிற் குற்றமன்று. இறக்குமதியான பெயர்கள் அனைத்தையும் நினைவில் வைத்திருக்கும் சுமையை அது குறைக்கின்றது. மறைப்பது எதுவென்று வரியிலே தெரியாமையே குற்றம். 2001 இல் எழுந்த பைதன் நடைக் கையேடு உடுக்குறி இறக்குமதியைத் தவிர்க்கச் சொல்கின்றது. 2008 இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பு சார்புகளுக்குள் அதனைத் தடைசெய்தது. மேல்மட்டத்தில் அது இன்றும் செல்லும். 'நம்பை.சம்' என முன்னொட்டுடன் எழுதினால் எவருடைய 'சம்' என்பது அவ்வரியிலேயே வெளிப்படும்.