800 வெள்ளிக்கு ஒரு கையெழுத்து

தீபாவளி நெருங்கினால் எங்களைப் போன்ற வானொலி அறிவிப்பாளர்களுக்கு மேடை வேலை குவியும். போன தீபாவளிக்கு ஒரு கலைநிகழ்ச்சியை வழிநடத்த 800 வெள்ளி பேசி முடித்தோம். ஏற்பாட்டாளர் அண்ணன் நான்கு பக்க ஒப்பந்தத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். "வழக்கமான ஃபார்ம்தான்மா, சைன் பண்ணி அனுப்பிடுங்க."

பெயர், ஐசி எண், வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் நிரப்பிவிட்டேன். மூன்றாம் பக்கத்தில் 'இன்டெம்னிட்டி' என்று ஒரு பத்தி. செய்தி வாசிக்கும்போது அதை 'இழப்பீடு' என்று சொல்லிப் பழகியவள் நான். ஆனாலும் ஏதோ உறுத்தியது. வழக்கறிஞராக இருக்கும் அக்காவுக்கு அனுப்பினேன்.

"இழப்பீடு வேற, இது வேற. கையெழுத்துப் போட்டுடாதே" என்று உடனே அழைத்துவிட்டாள்.

ஒப்பந்தத்தை மீறியவரிடமிருந்து நீதிமன்றம் வாங்கித் தருவது இழப்பீடு. தொலைவான, மறைமுகமான நட்டத்துக்கு அது கிடைக்காது என்று மலேசியாவின் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், 74ஆவது பிரிவில் சொல்கிறது. இன்டெம்னிட்டி என்பது முன்கூட்டியே கொடுக்கும் வாக்கு: 'உனக்கு நட்டம் வந்தால் அது என்னுடையது.' சட்டத் தமிழில் 'ஈட்டுறுதி' என்கிறார்கள். இதுவே பொருத்தமான சொல். அதில் 'உறுதி' இருக்கிறதே! அந்த நட்டம் என் செயலால்தான் வர வேண்டும் என்பதில்லை. வேறு யார் செயலால் வந்தாலும் அந்த வாக்கு செல்லும் என்பது 77ஆவது பிரிவு. அடுத்த பிரிவின்படி, வழக்கு வந்தால் தீர்ப்புத் தொகை மட்டுமல்ல, வழக்குச் செலவும், சமரசம் பேசிக் கொடுத்த பணமும்கூடக் கேட்கலாம்.

எனக்குப் புரியவில்லை என்றதும் அக்கா அப்பாவின் காரை இழுத்தாள். அந்தக் கார் பத்து வயதைத் தாண்டியது. விபத்துக்குப் பிறகு புது உதிரிப்பாகங்கள் போட்டபோது, அவற்றின் விலையில் 40 விழுக்காட்டை அப்பாவே கட்டினார். 'பெட்டர்மென்ட்' என்று பில்லில் இருந்தது. "வருஷா வருஷம் காசு கட்டினேனே!" என்று ஒரு வாரம் புலம்பினார். காப்புறுதியும் ஓர் ஈட்டுறுதிதான். விபத்துக்கு முந்தைய நிலைக்குக் கொண்டுவந்து விடுவார்கள், அதற்குமேல் ஒரு காசு லாபம் பார்க்க விடமாட்டார்கள். பழைய பாகத்துக்குப் புதியது வந்தால் காரின் மதிப்பு கூடுகிறது. கூடிய பங்கு நம் கணக்கில் ஏறுகிறது. கார் ஐந்து வயதை எட்டும்போதே இது தொடங்கிவிடும். (ஆயுள் காப்புறுதி இதில் சேராது. உயிருக்கு முந்தைய நிலை என்று எதைக் கணக்கிடுவது?)

"காப்புறுதி கம்பெனி இந்த வாக்கைக் கொடுக்கப் பிரீமியம் வாங்குது. நீ சும்மா கொடுக்கிறே" என்றாள் அக்கா.

அந்தப் பத்தியை மறுபடி படித்தேன். 'நிகழ்ச்சி தொடர்பாக எழும் எந்தக் கோரிக்கைக்கும்' என்று இருந்தது. ஒலிபெருக்கி சரிந்து யாருக்காவது அடிபட்டு, அவர் ஏற்பாட்டாளர்மீது வழக்குப் போட்டால்? அந்தப் பணத்தையும் என்னிடம் கேட்க வழி இருந்தது. 800 வெள்ளிக்கு நான் முழு மண்டபத்துக்கும் காப்புறுதி கம்பெனி ஆகியிருப்பேன்!

மூன்று திருத்தம் கேட்டோம். என் கவனக்குறைவால் வரும் நட்டத்துக்கு மட்டுமே நான் பொறுப்பு. அதுவும் என் சம்பளத் தொகை வரைதான். விளம்பரதாரர் எழுதிக் கொடுத்ததை நான் வாசித்து, அதற்காக என்மீது வழக்கு வந்தால், அவர்கள் எனக்கு ஈட்டுறுதி தர வேண்டும்.

இரண்டு நாள் பதிலே இல்லை. வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். மூன்றாம் நாள் அண்ணன் அழைத்தார். "இத்தனை வருஷத்துல யாருமே இதைக் கேட்டதில்லையேம்மா." குரலில் கோபமில்லை, களைப்பு. முதல் இரண்டுக்கும் ஒத்துக்கொண்டார். மூன்றாவதை விளம்பரதாரர் ஏற்கவில்லை. அதனால் அவர்கள் விளம்பரத்தை மட்டும் பதிவு செய்து ஒலிபரப்பினார்கள். நான் மேடையில் அதை வாசிக்கவில்லை.

இந்த ஆண்டு ஒப்பந்தம் நேற்று வந்தது. மூன்றாம் பக்கத்தை அக்காவுக்கு அனுப்பியிருக்கிறேன்.