காற்றுப் புகாத தானியக் குதிர் கட்டும் முறை

அறுவடை செய்த தானியத்தை அடுத்த மகசூல் வரை காப்பாற்றுவது சிறு விவசாயிகளுக்குப் பெரும் பாடு. வண்டு, அந்துப்பூச்சி, எலி, ஈரம் ஆகிய நான்கும் பங்குக்கு வந்துவிடும். இதைத் தடுக்கவே புதுடில்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் 'பூசா குதிர்' என்ற அமைப்பை உருவாக்கியது. இரண்டு மண் சுவர்களுக்கு நடுவே பாலித்தீன் தாள் வைத்துக் கட்டுவதே இதன் சிறப்பு.

தானியமும் பூச்சிகளும் சுவாசிப்பதால் குதிருக்குள் பிராண வாயு குறைந்து, கரியமில வாயு பெருகும். புதுக் காற்று நுழையாவிட்டால் பூச்சிகள் பெருக முடியாமல் மடியும். சுவர் எவ்வளவு கனமாக இருந்தாலும் இணைப்பில் இடைவெளி இருந்தால் பலன் இல்லை.

கட்டும் விதம்

வீட்டுக்குள் அல்லது மழை படாத கூரையின் கீழ் இடம் தேர்ந்தெடுக்க வேண்டும். எலி துளைக்காதிருக்கச் சுட்ட செங்கல்லால் மேடை அமைக்க வேண்டும். 700 கேஜ் பாலித்தீன் தாளை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தால் துளைகள் தெரியும். துளை உள்ள தாளை ஒதுக்கிவிடலாம்.

மேடை மீது விரிக்கும் தாள், உட்சுவருக்கு வெளியே நாலு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அதன் மேல் பச்சைச் செங்கல்லால் உட்சுவரும் மேல்தளமும் கட்டிக் காய்ந்தபின், தாளைக் கவிழ்த்த பை போல மேலிருந்து மாட்ட வேண்டும். இதன் விளிம்பை அடித்தாளின் விளிம்புடன் சேர்த்துச் சூட்டால் ஒட்ட வேண்டும். பிறகு வெளிச்சுவர் எழுப்பலாம். அதன் அடியில் 45 செ.மீ. உயரம் வரை சுட்ட செங்கல் வைத்தால் எலித் தொல்லை இராது.

தானியம் எடுக்கும் குழாய் வெளிவரும் இடமே காற்று கசிய அதிக வாய்ப்புள்ள இடம். அங்கே தாளில் குழாயைவிடச் சிறிய துளை வெட்டி, குழாய் மீது இழுத்து மாட்டி, இறுகக் கட்ட வேண்டும். குழாயின் வாயையும் மேல் மூடியையும் இடைவெளியின்றி அடைத்து, மூடியின் ஓரத்தைக் களிமண்ணால் பூச வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

ஈரத் தானியத்தைக் கொட்டி அடைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். நன்கு காயவைத்து, ஆறியபின் கொட்ட வேண்டும். பல மாதம் வைக்கும் நெல்லில் ஈரம் 12 சதவீதத்துக்கு மிகாதிருப்பது நல்லது. குதிரை அடிக்கடி திறக்காமல், மாதத் தேவையை ஒரே தடவையில் எடுத்து, உடனே அடைக்க வேண்டும்.

முக்கிய எச்சரிக்கை: அடைத்து வைத்த குதிருக்குள் பிராண வாயு குறைவாக இருக்கும். அதில் யாரும் இறங்கக் கூடாது. குழந்தைகளை அருகே விடக் கூடாது. வீட்டிலுள்ள குதிரில் பூச்சி கொல்லும் நச்சுப்புகை மாத்திரை போடவே கூடாது. அந்தப் புகை உயிரைக் குடித்துவிடும்.