மாயன் பிரமிடு, எலும்புக்கூடு குகை... குறைந்த செலவில் பெலீஸ் போவது எப்படி? எதில் மட்டும் சிக்கனம் கூடாது?

மாயன் நாகரிகம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது மெக்சிகோவின் சிச்சென் இட்சா. ஆனால் அங்கே கூட்டம் அதிகம். பிரமிடு மேல ஏறவும் அனுமதி கிடையாது. பிரமிடு உச்சியில் நிற்கணும், மாயன்கள் சடங்கு செய்த குகைக்குள்ளேயும் போகணும் என்று நினைப்பவர்களுக்கு பக்கத்து நாடான பெலீஸ் நல்ல சாய்ஸ். செலவை எங்கே குறைக்கலாம், எங்கே குறைக்கவே கூடாது? விரிவாகப் பார்க்கலாம்.

ஏன் பெலீஸ்?

பிரிட்டனின் காலனியாக இருந்து 1981-ல் சுதந்திரம் பெற்ற சின்ன நாடு இது. ஆட்சி மொழி ஆங்கிலம் என்பதால் ஸ்பானிஷ் தெரியாதவர்களும் சமாளித்துவிடலாம். 2 பெலீஸ் டாலர் கொடுத்தால் 1 அமெரிக்க டாலர். பல வருஷமாக இதே கணக்குதான். கடைகளில் இரண்டுமே செல்லும். அதனால் விலை கேட்கும்போது எந்த டாலர் என்று கேட்டுக்கொள்வது நல்லது. இல்லையென்றால் பில் டபுள் ஆகிவிடும்.

எங்கே தங்கலாம்?

கடலோரத் தீவுகளில் எல்லாமே காஸ்ட்லி. மாயன் இடங்களைப் பார்க்கப் போகிறவர்களுக்கு மேற்கே இருக்கும் சான் இக்னாசியோ ஊர்தான் வசதி. ஹாஸ்டல், கெஸ்ட் ஹவுஸ் எல்லாம் இங்கே உண்டு. பெலீஸ் சிட்டியில் இருந்து பஸ்ஸில் இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் வந்துவிடலாம். அமெரிக்காவில் ஸ்கூல் பஸ்ஸாக ஓடியவை இங்கே பயணிகள் பஸ்ஸாக ஓடுகின்றன. ஏசி இருக்காது, ஆனால் சில டாலரில் வேலை முடிந்துவிடும். சாப்பாட்டுக்கும் கவலை இல்லை. சோறு, பீன்ஸ், கோழிக் குழம்பு சேர்ந்த உள்ளூர் சாப்பாடு சின்னக் கடைகளில் கிடைக்கும்.

சொந்தமாகவே பார்க்கக்கூடிய இடங்கள்

காஹால் பெச்: ஊரில் இருந்து நடந்தே போகலாம். சின்ன இடம், கூட்டம் குறைவு.

ஷூனான்துனிச்: பஸ்ஸில் சக்கோட்ஸ் கிராமத்தில் இறங்கி, மோபான் ஆற்றைக் கடந்து மேட்டில் நடக்க வேண்டும். இங்குள்ள எல் கஸ்டியோ பிரமிடு சுமார் 40 மீட்டர் உயரம். மேலே ஏறினால் எல்லை தாண்டி குவாத்தமாலா தெரியும்.

டிக்கால்: இது குவாத்தமாலாவில் இருக்கிறது. 1979-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த மாபெரும் நகரம். 1977-ல் வந்த முதல் 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் காட்டைத் துளைத்துக்கொண்டு நிற்கும் கோபுரங்கள் இங்கே எடுத்ததுதான். எல்லை வரை பஸ், அங்கிருந்து ஃப்ளோரெஸ் ஊருக்கு ஷேர் வேன், அங்கே ஒரு இரவு தங்கல் என்று போனால் டூர் பேக்கேஜை விட செலவு குறையும். எல்லையில் பெலீஸ் வாங்கும் வெளியேறும் கட்டணத்தை மட்டும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சிக்கனம் கூடாத இடம்

ஆக்துன் துனிச்சில் முக்னால் குகை. சுருக்கமாக ஏடிஎம் குகை. இங்கே லைசென்ஸ் பெற்ற கைடு இல்லாமல் யாரும் உள்ளே போக முடியாது. ஒரு ஆளுக்கு 100 அமெரிக்க டாலருக்கு மேல் ஆகும். மொத்த ட்ரிப்பிலும் பெரிய செலவு இதுதான்.

அப்படி என்ன இருக்கு? மாயன்களுக்கு குகை என்றால் பாதாள உலகத்தின் வாசல். மழைக் கடவுள் சாக் இருக்கும் இடமும் அதுதான். கி.பி. 700 முதல் 900 வரையிலான காலத்தில் வறட்சி வாட்டியபோது, மழை கேட்டு குகையின் ஆழத்துக்கே போய் பானைகளைப் படைத்தார்கள். மனித பலியும் நடந்தது. குழந்தைகள் உட்பட 14 பேரின் எலும்புகள் இன்னும் அதே இடத்தில் கிடக்கின்றன. அதில் ஒரு எலும்புக்கூடு மேல் சுண்ணாம்புப் படிவம் படிந்து பளபளக்கும்.

கண்ணாடிக் கூண்டு எதுவும் கிடையாது. குகை வாசலில் நீந்தி, இடுப்பளவு தண்ணீரில் நடந்து போனால், கடைசி அறையில் செருப்பைக் கழற்றிவிட்டு சாக்ஸோடு எலும்புகளுக்குப் பக்கத்திலேயே நடக்க வேண்டும். 2012-ல் ஒரு சுற்றுலாப் பயணி கைதவறிப் போட்ட கேமரா விழுந்து, ஆயிரம் வருஷம் தாண்டிய மண்டையோடு உடைந்தது. அதிலிருந்து உள்ளே கேமரா, செல்போன் எதற்கும் அனுமதி இல்லை.

இங்கே கைடு வழிகாட்டி மட்டும் இல்லை. மழையில் தண்ணீர் ஏறுகிறதா என்று பார்ப்பதும், எங்கே கால் வைக்கலாம் என்று சொல்வதும் அவர்தான். அதனால் ரேட் கம்மி என்று யாராவது கூப்பிட்டால், முதலில் லைசென்ஸைக் கேளுங்கள்.

எப்போது போகலாம்?

டிசம்பர் முதல் ஏப்ரல் வரை சீசன், ரூம் வாடகை ஏறும். ஜூன் முதல் நவம்பர் வரை மழைக்காலம், வாடகை இறங்கும். ஆனால் ஆற்றில் வெள்ளம் வந்தால் குகையை மூடிவிடுவார்கள். மே மாதம் வெயில் கடுமை, ஆனால் கூட்டம் குறைவு. பட்ஜெட்டுக்கு அதுதான் கைகொடுக்கும்.

விமான டிக்கெட், விசா?

இந்தியாவில் இருந்து நேரடி விமானம் கிடையாது. அமெரிக்கா வழியாகப் போனால், ஏர்போர்ட்டை விட்டு வெளியே வராவிட்டாலும் அமெரிக்க விசா வேண்டும். பெலீஸ், குவாத்தமாலா விசா விதிகளையும் டிக்கெட் போடுவதற்கு முன்பே தூதரகத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

மொத்தத்தில் பஸ், ரூம், சாப்பாடு மூன்றிலும் மிச்சம் பிடிக்கலாம். பிடித்த காசை குகை கைடுக்குக் கொடுங்கள். உங்கள் பாதுகாப்புக்கும், அங்கே கிடக்கும் அந்த 14 பேரின் மரியாதைக்கும் அதுதான் சரி.