குன்றைத் தின்னும் இயந்திரம்: அனுமதி முதலில், அகழ்வு பிறகு

புது தில்லி: பலர் நாள் முழுவதும் மண்வெட்டியால் வெட்டும் மண்ணை, டீசலில் இயங்கும் ஒரு பொக்லைன் சில மணி நேரத்தில் அள்ளி லாரியில் கொட்டிவிடும். புகார் கோப்பாக மாறுவதற்குள் குன்றே இராது. சுற்றுச்சூழல் சட்டத்தில் முன் அனுமதி இடம்பெற்றதன் நியாயம் இதுவே.

அந்தக் கதவைத்தான் 2020 மார்ச் 28-ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் திறந்துவிட்டது. சாலை, குழாய்ப் பாதை போன்ற நெடுந்தடத் திட்டங்களுக்குச் சாதாரண மண் எடுக்க, 2006-ம் ஆண்டு அறிவிக்கையின்படி பெற வேண்டிய முன் அனுமதி தேவையில்லை என்றது. நாடு தழுவிய பொது முடக்கம் தொடங்கிச் சில நாள்களே ஆகியிருந்தன. பொதுமக்களின் ஆட்சேபங்களுக்கான அவகாசமும் கைவிடப்பட்டது. இது அமைச்சக அறிவிக்கை என்பதால் நாடாளுமன்றத்தில் முன்கூட்டிய வாக்கெடுப்பும் தேவைப்படவில்லை.

வரம்பற்ற விலக்கை மறுபரிசீலனை செய்யுமாறு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2020 அக்டோபரில் கூறியது. 2024 மார்ச் 21-ல் நீதிபதிகள் அபய் எஸ். ஓகா, சஞ்சய் கரோல் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு அப்பிரிவை ரத்து செய்தது. எவ்வளவு மண், எவ்வளவு பரப்பு, எது நெடுந்தடத் திட்டம் என எதுவும் வரையறுக்கப்படவில்லை என்பது அதன் முக்கியக் காரணங்களுள் ஒன்று.

கேரளத்துக்கு இது ஏட்டுப் பிரச்னையன்று. 66-ம் எண் தேசிய நெடுஞ்சாலை விரிவாக்கத்துக்காகக் குன்றுகள் வெட்டப்பட்டன. தாழ்நிலங்களில் மண்மேடுகள் எழுப்பப்பட்டன. அதே நெடுஞ்சாலையில் 2024 ஜூலை 16-ல் கர்நாடகத்தின் சிரூரில் மலை சரிந்து உயிர்களைப் பறித்தது. 2025 மே மாதம் மலப்புரம் மாவட்டம் கூரியாட்டில் வயல் மீது எழுப்பிய சாலை இடிந்தது. நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழுவும் அதை ஆராய்ந்தது.

பழி இயந்திரத்தின் மீதன்று. 2015-ல் திருவனந்தபுரத்தில் 'ஆபரேஷன் அனந்தா' நடைபெற்றபோது, தமிழர்கள் தலைமுறைகளாக வாழும் வலியசாலையை அடுத்த தம்பானூரில், மழைநீர்க் கால்வாய் ஆக்கிரமிப்புகளை அகற்றியவையும் மண் அள்ளும் இயந்திரங்களே. அங்கு அவை வெள்ளத்துக்கு வழி திறந்தன.

உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின், 2025 மார்ச்சில் அமைச்சகம் நிபந்தனைகளுடன் விலக்கை மீண்டும் கொண்டுவந்தது. அந்த நிபந்தனைகளைக் களத்தில் யார் அளப்பது என்பதை உறுப்பினர்கள் அவையில் கேட்டாக வேண்டும். அபராதத்தால் கருவூலம் நிரம்பலாம். வெட்டிய குன்று மீண்டும் எழாது.