6-6-66: தாத்தாவோட கணக்கு நோட்டும், ஒரே ராத்திரியில இளைச்ச ரூபாயும்

போன வாரம் திருச்சி வீட்டுப் பரணைச் சுத்தம் பண்ணும்போது, தாத்தாவோட பழைய கணக்கு நோட்டு ஒண்ணு கிடைச்சுது. நீளமான, சிவப்பு அட்டை போட்ட நோட்டு. தாத்தா ஒரு தனியார் கம்பெனியில குமாஸ்தா. பைசா விடாம எழுதி வைப்பார். நான் சி.ஏ. படிச்சதுக்கே அவர்தான் காரணம்னு அப்பா சொல்வார்.

நோட்டைப் புரட்டினப்போ ஒரு தேதியில கண் நின்னுடுச்சு. 6-6-66, திங்கட்கிழமை. அன்னைக்கு அவர் எழுதினது ரெண்டே வரி. ‘பையன்களுக்கு ஸ்லேட், நோட்டு - 1.85. பாலிசி - 20.00.’ பாலிசிங்கிற வார்த்தை நோட்டுல வர்றது அதுதான் முதல் தடவை. அத்தைக்கு அப்போ ரெண்டு வயசு. அவங்க கல்யாணத்துக்காக தாத்தா 20 வருஷ பாலிசி ஒண்ணு ஆரம்பிச்சிருக்கார். முதிர்வுத் தொகை 5,000 ரூபாய், போனஸ் தனி.

அதே நாள் காலையில நாட்டுக்கே ஒரு பெரிய செய்தி. முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, நிதியமைச்சர் சச்சீந்திர சௌத்ரி ரூபாயோட மதிப்பைக் குறைக்கிறதா அறிவிச்சார். அதுவரைக்கும் ஒரு டாலருக்கு 4 ரூபாய் 76 பைசா. திங்கட்கிழமை விடியும்போது 7 ரூபாய் 50 பைசா. பவுண்டு 13 ரூபாய் 33 பைசாவிலிருந்து 21 ரூபாய்.

இங்க ஒரு நிமிஷம் நில்லுங்க. ரூபாய் மதிப்பு 36.5 சதவீதம் குறைஞ்சுதுன்னு ஒரு இடத்துல படிப்பீங்க. டாலர் 57.5 சதவீதம் ஏறிச்சுன்னு இன்னொரு இடத்துல படிப்பீங்க. ரெண்டும் சரிதான். 7.50-லிருந்து பார்த்தா 4.76 எவ்வளவு குறைச்சல்ங்கிறது ஒரு கணக்கு, 4.76-லிருந்து பார்த்தா 7.50 எவ்வளவு கூடுதல்ங்கிறது இன்னொரு கணக்கு. உங்க ஷேர் 36.5 சதவீதம் விழுந்தா, பழைய இடத்துக்கு வர அது 57.5 சதவீதம் ஏறணும். இதை ஒவ்வொரு கிளையன்ட்டுக்கும் பேப்பர்ல போட்டுக் காட்ட வேண்டியிருக்கு!

அன்னைக்கு ஊர் எப்படி இருந்துச்சு?

அப்பாவுக்கு அப்போ ஏழு வயசு. ஸ்கூல் திறக்கிற ஜூன் மாசம். கையில புழங்கினது 1, 2, 3, 5 பைசா நாணயங்கள். நயா பைசாங்கிற பேர்ல இருந்த ‘நயா’வை 1964 ஜூன்லயே எடுத்தாச்சு. ஆனாலும் வாயில நாலணா, எட்டணாதான். டிவி கிடையாது, மெட்ராஸுக்கே 1975-லதான் வந்துச்சு. பக்கத்து வீட்டு ரேடியோதான் தெருவுக்கே பொழுதுபோக்கு, இலங்கை வானொலிப் பாட்டு. அந்த ரேடியோவை வெச்சுக்கவே தபால் ஆபீஸ்ல வருஷா வருஷம் பணம் கட்டி லைசென்ஸ் எடுக்கணும்.

உலகச் செய்தியும் அந்த வாரம் குறைச்சல் இல்லை. ஜூன் 2-ம் தேதி அமெரிக்காவோட சர்வேயர்-1 கலம் நிலாவுல மெதுவா இறங்கியிருந்துச்சு. ஜூன் 5-ம் தேதி யூஜின் செர்னன் ஜெமினி 9 விண்கலத்துக்கு வெளியே வந்து விண்வெளியில மிதந்தார். அங்க மனுஷன் நிலாவுக்குக் கிளம்பிட்டிருக்கான், இங்க எங்க அப்பாயி ரேஷன் கோதுமையை என்ன பண்றதுன்னு யோசிச்சிட்டிருந்திருக்காங்க. அரிசி சாப்பிட்டே வளர்ந்தவங்களுக்குக் கோதுமை ஒரு தண்டனை!

நோட்டுல ஜூன் 4, சனிக்கிழமை, ‘சினிமா - 2.80’னு இருக்கு. என்ன படம்னு எழுதலை. அப்பா எம்ஜிஆரோட சந்திரோதயம்கிறார். பெரியப்பா, இல்லவே இல்லை, நாடோடிங்கிறார். ரெண்டு பேரும் போன்ல அரை மணி நேரம் சண்டை. சந்திரோதயம் ரிலீஸ் மே 27, நாடோடி ஏப்ரல்லயே வந்தாச்சு. அதனால என் ஓட்டு அப்பாவுக்கு. அதுல எம்ஜிஆர் பத்திரிகை நிருபர், எம்.ஆர்.ராதாவும் உண்டு. அடுத்த ஜனவரியில ராதா எம்ஜிஆரை நிஜமாவே சுடுவார்னு அந்தத் தியேட்டர்ல இருந்த யாருக்குத் தெரியும்?

‘அந்தக் காலத்துல எல்லாமே சீப்பு’

இப்போ நோட்டோட அந்த மாசக் கணக்குக்கு வருவோம். தாத்தா சம்பளம் 185 ரூபாய். வாடகை 22, அரிசி 42, மளிகை 38, பால் 16, விறகும் மண்ணெண்ணெயும் 14, ஸ்கூல் செலவு 9, பாலிசி 20. மிச்சம் 24 ரூபாய். அதுக்குள்ளதான் சினிமா, வைத்தியம், துணி, ஊர் போக்குவரத்து எல்லாம். ஆறு பேர் கொண்ட குடும்பம்.

அரிசி வெறும் 42 ரூபாயான்னு வாயைப் பிளக்காதீங்க. சம்பளத்தோட சேர்த்துப் பாருங்க. 185-ல 42, அதாவது 23 சதவீதம். இன்னைக்கு 40,000 சம்பளம் வாங்கறவர் கிலோ 60 ரூபாய்க்கு 40 கிலோ வாங்கினா 2,400 ரூபாய், 6 சதவீதம். தாத்தா அளவுக்கு அரிசி அவரைக் கடிக்கணும்னா, மாசம் 9,000 ரூபாய்க்கு மேல அரிசிக்கே எடுத்து வைக்கணும். விலையை மட்டும் பார்க்கக் கூடாது, அதை வாங்க எத்தனை நாள் உழைச்சாங்கன்னும் பார்க்கணும். இந்தக் கணக்குல அந்தக் காலம் சீப்பு இல்லைங்க, ரொம்பக் கஷ்டம்.

அதுவும் 1966 மகா கஷ்டமான வருஷம். மழை பொய்ச்சதால நாட்டோட தானிய விளைச்சல் 1964-65-ல இருந்த சுமார் 89 மில்லியன் டன்னிலிருந்து அடுத்த வருஷமே 72 மில்லியன் டன்னா விழுந்துச்சு. அமெரிக்காவிலிருந்து பிஎல்-480 திட்டத்துல கப்பல் கப்பலா கோதுமை வந்துச்சு. திங்கட்கிழமை ராத்திரி ஒரு வேளைச் சாப்பாட்டை விடுங்கன்னு சாஸ்திரி நாட்டு மக்கள்கிட்ட கேட்டது அதுக்கு முந்தின வருஷம்தான். அவரும் ஜனவரியில போயிட்டார். பாகிஸ்தான் போருக்கு அப்புறம் வெளிநாட்டு உதவி நின்னு போச்சு. உதவி திரும்ப வரணும்னா ரூபாய் மதிப்பைக் குறைக்கணும்னு உலக வங்கிப் பக்கம் இருந்து நெருக்கடி. இந்திரா காந்தி பிரதமராகி அஞ்சு மாசம்கூட ஆகலை. மதிப்பைக் குறைச்சதுல காங்கிரஸ் தலைவர் காமராஜருக்குக் கடும் அதிருப்தி. நம்ம ஊர்க்காரரான உணவு அமைச்சர் சி.சுப்பிரமணியம் ஆதரிச்ச பக்கம். ஒரே கட்சி, ஒரே மாநிலம், ரெண்டு கருத்து.

அரிசி விலை ஏறினதுக்கு டாலர்தான் காரணம்னு சிலர் எழுதறாங்க. எனக்கு அது சரியாப் படலை. பெரிய காரணம் மழை. டாலர் மாற்றம் நேரடியா அடிச்சது இறக்குமதிச் சரக்கையும் மெஷின் வாங்கறவங்களையும் வெளிநாட்டுக் கடனையும்தான். ஆனா ஜனங்களுக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரிஞ்சுது. 1966-ல விலைவாசி சுமார் 11 சதவீதம் ஏறிச்சு, 1967-ல 13 சதவீதம். அந்த 1967 தேர்தல்லதான் ‘ரூபாய்க்கு மூணு படி அரிசி’ன்னு அண்ணா சொன்னதும், ஆட்சி மாறினதும், விருதுநகர்ல காமராஜரே தோத்ததும்.

நம்மள்ல நிறைய பேர் வீட்டுல வளைகுடா சம்பளம் உண்டு, அதனால ஒரு துணைச் செய்தி. அதுவரைக்கும் கத்தார், துபாய் பக்கமெல்லாம் கடையில செல்லுபடியானது நம்ம ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்குன்னே அச்சடிச்ச ரூபாய். 1966-ல மதிப்பு குறைஞ்சதும் கத்தாரும் துபாயும் அதைக் கைவிட்டு வேற பணத்துக்குப் போயிட்டாங்க. ஓமன் மட்டும் 1970 வரைக்கும் வெச்சிருந்துச்சு. ஒரு காலத்துல அங்க செல்லின பணம் நம்ம பணம்!

சரி, அந்த 20 ரூபாய் பாலிசி என்ன ஆச்சு?

தாத்தா ஒரு மாசம்கூடத் தவற விடலை. 240 மாசம், மொத்தம் 4,800 ரூபாய். 1986 ஜூன்ல போனஸோட கைக்கு வந்தது 7,412 ரூபாய். சொன்ன தேதியில, சொன்ன மாதிரி வந்துச்சு. யார் மேலயும் குறை இல்லை. நான் எக்செல்ல போட்டுப் பார்த்தேன். வருஷத்துக்கு 4 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல வருமானம்.

அந்த 20 வருஷத்துல விலைவாசி சராசரியா வருஷத்துக்கு ஏழரை சதவீதத்துக்கு மேல ஏறியிருக்கு. 1974-ல மட்டும் 28 சதவீதம். 1966-ல 5,000 ரூபாய்க்குக் கிடைச்சதை 1986-ல வாங்க சுமார் 22,000 வேணும்.

தங்கத்துல பார்த்தா இன்னும் வலிக்கும். 1966-ல 10 கிராம் சுமார் 84 ரூபாய், பவுன் 67 ரூபாய். தாத்தா மனசுல வெச்சிருந்த 5,000 ரூபாய்க்கு அன்னைக்கு 74 பவுன் வந்திருக்கும். 1986-ல 10 கிராம் 2,140, பவுன் 1,700 ரூபாய்க்கு மேல. கைக்கு வந்த 7,412-க்கு நாலு பவுன்தான்.

தங்கமே வாங்கியிருக்கலாமேன்னு உடனே சொல்லாதீங்க. 1963-லிருந்து தங்கக் கட்டுப்பாடு. 14 காரட்டுக்கு மேல புது நகை செய்யக் கூடாதுன்னு சட்டம், நிறைய ஆசாரிங்க பிழைப்பே போச்சு. அந்த 14 காரட் விதியை 1966-லதான் தளர்த்தினாங்க. தங்கம் எப்பவும் ஏறும்னும் இல்லை. 1996-ல 5,000-க்கு மேல இருந்த 10 கிராம், 2000-ல 4,400. நாலு வருஷம் காத்திருந்தவங்களுக்கு நஷ்டம். மியூச்சுவல் ஃபண்டுன்னா, யூனிட் டிரஸ்ட் ஆரம்பிச்சே ரெண்டு வருஷம்தான் ஆகியிருந்துச்சு. திருச்சி குமாஸ்தா காதுக்கு அது எட்டியிருக்காது.

இன்னொண்ணும் சொல்லணும். தாத்தா நடுவுல தவறிப் போயிருந்தா அந்த 5,000 அப்பாயிக்கு வந்திருக்கும், ரெண்டே கால் வருஷச் சம்பளம். 20 ரூபாய்க்கு அது பெரிய பாதுகாப்பு. அந்தப் பாதியை அவர் சரியாத்தான் செஞ்சார். தப்பு ஒரே இடத்துலதான். கல்யாணச் செலவை 1966 விலையில போட்டுட்டு, 1986-லயும் அதே விலை இருக்கும்னு நம்பிட்டார். ரூபாய் ஒரே ராத்திரியில இளைச்ச அன்னைக்கே இந்தக் கணக்கை எழுதியிருக்காரேங்கிறதுதான் என்னை உறுத்துது. டாலருக்கு எதிரா விழுந்தது பேப்பர்ல தலைப்புச் செய்தி. அரிசிக்கும் பவுனுக்கும் எதிரா தினம் தினம் விழுந்ததுக்கு யார் தலைப்பு போட்டாங்க?

இதையே இந்த மாசம் மூணு கிளையன்ட்கிட்ட பார்த்தேன். ‘சார், பொண்ணு காலேஜுக்கு 15 வருஷத்துல 25 லட்சம் வர்ற மாதிரி ஒண்ணு போட்டுட்டேன்.’ 25 லட்சம்ங்கிறது இன்னைக்கு ஃபீஸ். கல்விச் செலவு வருஷத்துக்கு 8 சதவீதம் ஏறினாலே 15 வருஷத்துல அது 79 லட்சம். உங்க பாலிசியையோ ஆர்டியையோ எடுத்து, முதிர்வுத் தொகைக்குப் பக்கத்துல அந்த வருஷத்துச் செலவை பென்சில்ல எழுதிப் பாருங்க. 1.08-ஐ எத்தனை வருஷமோ அத்தனை தடவை பெருக்கணும், அவ்வளவுதான். இடைவெளி பெருசா இருந்தா பாலிசியை உடனே சரண்டர் பண்ண ஓடாதீங்க. பாதுகாப்புக்கு டேர்ம் பாலிசி இருக்கான்னு முதல்ல பார்த்துட்டு, விலைவாசியைத் தாண்டற மாதிரி புதுசா என்ன சேர்க்கலாம்னு யோசிங்க. சரண்டர் கணக்கைப் போன வீடியோவுல விளக்கமா சொல்லியிருக்கேன்.

அத்தை கல்யாணம் 1986 ஆவணியில நடந்துச்சு. செலவு 35,000. பாலிசிப் பணம் பத்தலை. தாத்தா ஊர் எல்லையில வாங்கிப் போட்டிருந்த அஞ்சு சென்ட் காலி மனையை 16,000-க்கு வித்தார், மிச்சம் கடன். நோட்டைக் காட்டினப்போ அத்தை ரொம்ப நேரம் அந்த 20.00-ஐயே பார்த்துட்டிருந்தாங்க. ‘மனை வித்தது இதுல இருக்காடா?’ன்னு கேட்டாங்க. இந்த நோட்டு 1969-லயே முடிஞ்சுடுதுன்னு சொன்னேன். ‘நல்லது’ன்னு மூடிக் கொடுத்துட்டு, பேரனுக்கு மாசம் ரெண்டாயிரம் கட்டற பாலிசி பத்திரத்தை எடுத்துட்டு வந்து என் முன்னாடி வெச்சாங்க.