சிறு மாற்றமும் பெருஞ்சரிவும்

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்த மீரியபெத்த தோட்டத்தில் லயன் குடியிருப்புகளை மலை விழுங்கியதை எமது வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஆண்டாண்டு காலமாக நின்ற மலை ஒரே காலையில் இறங்கியது எங்ஙனம்? முழு விடையைப் புவிச்சரிதவியலாளரே கூறவேண்டும். ஆயினும், அவ்வினாவின் ஒரு பகுதிக்கு நிகழ்தகவுக் கணிதம் தரும் விளக்கம் அறியத்தக்கதாகும்.

நுண்துளைகள் நிறைந்த பொருளினூடாகத் திரவம் எவ்வாறு வழி காண்கிறது என்பதை 1957இல் புரோட்பென்ட், ஹேமர்ஸ்லி ஆகிய இரு ஆங்கிலேயர் கணிதமாக்கினர். நச்சுவாயு முகமூடியிலுள்ள கரித்துணிக்கைகளே இச்சிந்தனைக்கு வித்திட்டன என்பது சுவையான செய்தி.

தேன்கூடு போன்று அறுகோணக் கட்டங்களாலான மிகப் பெரிய பலகையொன்றை எண்ணிப் பார்ப்போம். ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியே நாணயம் சுண்டி, பூ விழுந்தால் திறந்தது, தலை விழுந்தால் மூடியது எனக் கொள்வோம். திறந்த கட்டங்கள் வழியே மாத்திரம் நீர் செல்லும். நாணயம் சற்றுக் கோணலாகி, கட்டம் திறந்திருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 49 எனில், மேலிருந்து கீழே வர நீருக்கு ஏறத்தாழ வழியே இராது. 51 எனில் வழி ஏறத்தாழ நிச்சயம். இடையிலுள்ள வேறுபாடோ இரண்டே இரண்டு!

கோடுகள் திறந்து மூடும் சதுர வலையில் எல்லை சரிபாதியே என்பதை 1980இல் ஹரி கெஸ்டன் நிறுவினார். சரியாக எல்லையில் நிற்கும்போது அறுகோணப் பலகையில் நிகழ்வனவற்றை 2001இல் நிறுவிய ரஷ்யரான ஸ்டனிஸ்லாவ் ஸ்மிர்னோவ், 2010இல் பீல்ட்ஸ் பதக்கம் பெற்றார்.

மலை, பலகையன்று. அது முப்பரிமாணமுடையது, அதன் துளைகளும் நாணயம் சுண்டி அமைந்தவையல்ல. துளைகளில் நீரழுத்தம் பெருகி மண்ணின் பிடிமானம் தளர்வதாலேயே சரிவு நேர்கிறது. எனினும், மழை சிறிது கூடினால் ஆபத்தும் சிறிதே கூடும் என்ற நம்பிக்கை எவ்வளவு தவறானது என்பதை இப்பலகை காட்டுகிறது. நேற்றைய மழைக்கு நின்ற சரிவு இன்றைய மழைக்கும் நிற்குமென்பதற்கு உத்தரவாதமில்லை.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனமும் எல்லைகளை வைத்தே அறிவித்தல் விடுக்கிறது. 24 மணித்தியாலங்களில் 75 மில்லிமீற்றர் மழை எனில் விழிப்பு; 100 எனில் எச்சரிக்கை; 150 எனில் வெளியேற்றம். மீரியபெத்த குறித்து 2005இலும் 2011இலும் அந்நிறுவனம் எச்சரித்தே இருந்தது. மக்கள் அங்கேயே இருந்தனர். தமக்கெனக் காணித்துண்டு இல்லாத லயன் குடும்பங்களை வெளியேறச் சொல்வதாயின், அவர்கள் சென்று வாழ்வதற்கான இடத்தை மழைக்கு முன்னரே அரசும் தோட்ட நிர்வாகங்களும் ஒதுக்கியிருத்தல் வேண்டும்.